"யாருக்கு என்ன ஆச்சு?": கடைசி நிமிட கோலும் ஒரு காரைக்குடி இரவும்

2018 ஜூலை 3. இரவு மணி ஒன்றேகால். காரைக்குடியில் தெருவே விளக்கணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நண்பன் வீட்டுப் பட்டாலையில் மட்டும் டி.வி. வெளிச்சம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பதினோரு பேர் உட்கார்ந்தும் சாய்ந்தும் கிடந்தோம். ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில் பெல்ஜியமும் ஜப்பானும் ஆடிய உலகக் கோப்பை ஆட்டம் அது. ஜப்பான் 2-0 என்று முன்னால் போனது. பெல்ஜியம் இரண்டையும் திருப்பிக் கொடுத்து 2-2 ஆக்கிவிட்டது. தொண்ணூறு நிமிடம் முடிந்து, நடுவர் கொடுத்த இன்ஜுரி டைமும் தீரப்போகிறது. எப்படியும் இன்னும் அரை மணி நேரம் எக்ஸ்ட்ரா டைம் இருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேர் எழுந்தேவிட்டார்கள்.

ஜப்பானுக்கு மைதான மூலையிலிருந்து ஒரு கார்னர் கிக். ஹோண்டா அடித்த பந்தை பெல்ஜியம் கோல்கீப்பர் கோர்ட்வா தாவிப் பிடித்தார். பிடித்த கையோடு டி பிராய்னேவுக்கு உருட்டிவிட்டார். டி பிராய்னே நடுமைதானத்தைத் தாண்டி ஓடினார், வலப்பக்கம் மூனியேவுக்குத் தள்ளினார். மூனியே குறுக்கே அடித்த பந்து நேராக லுகாகுவிடம் வந்தது. அவர் அதைத் தொடவில்லை. தொடப்போவதுபோல் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார். பின்னாலேயே ஓடிவந்த சட்லி கோலுக்குள் தள்ளினார். கோல்கீப்பர் கையிலிருந்து எதிர் கோல் வரைக்கும் ஏறக்குறைய பத்து விநாடி.

எங்கள் பதினோரு பேரில் எட்டுப் பேர் ஜப்பான் பக்கம். ஆசிய அணி என்ற பாசம். மூன்று பேர் பெல்ஜியம். மூன்று பேர் துள்ளிக் குதித்த சத்தமும், எட்டுப் பேர் "ஐயோ" என்று போட்ட சத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பி முற்றத்துக்குள் மோதின. இரண்டாம் கட்டில் படுத்திருந்த நண்பனின் அப்பத்தா பதறி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கேட்டார்: "ஏண்டா அப்பு, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அப்பத்தா, ஃபுட்பாலு. நீங்க படுங்க" என்று அனுப்பிவைத்தோம்.

ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெல்ஜியத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் கிடையாது, ஜப்பானில் கிடையாது. பந்தயப் பணம் கிடையாது. பிறகு ஏன் ஒருவன் கண்ணில் தண்ணீர்? ஏன் மூன்று பேர் கட்டிப்பிடித்துத் தரையில் உருண்டார்கள்? ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் இதே கோல் விழுந்திருந்தால் அப்பத்தா எழுந்திருக்கவே மாட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது.

கோல் ஏன் அந்த நேரத்தில் வருகிறது

முதலில், கடைசி நிமிட கோல் நாம் நினைக்கிற அளவுக்கு அதிசயம் இல்லை. தொண்ணூறு நிமிடம் ஓடிய கால் சோர்ந்துபோகும். கால் சோரும்போது கவனமும் சோரும். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு இழக்க ஒன்றும் இல்லாததால் தடுப்பாட்டக்காரர்களையும் முன்னால் அனுப்பும். அதனால் எதிர்ப்பக்கம் நெரிசலாகும், தன் பக்கம் வெட்டவெளியாகும். எந்தப் பக்கமும் கோல் விழ வழி உண்டு. ரோஸ்தோவில் நடந்தது இதுதான். சமநிலையே போதும் என்று ஜப்பான் அந்தக் கார்னரை மெதுவாக ஆடி நேரத்தைக் கடத்தியிருக்கலாம். ஜெயிக்கப் பார்த்தார்கள், ஆட்களை முன்னால் அனுப்பினார்கள், பின்னால் இடம் திறந்தது. இதற்காக ஜப்பானைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெயிக்கப் பார்த்த அணியைத் திட்டினால், பிறகு எதற்காக ஆட்டம் பார்ப்பது?

அப்புறம் பெஞ்சிலிருந்து வருகிறவர்கள். சட்லி 65-ஆவது நிமிடத்தில்தான் மாற்று வீரராக உள்ளே வந்தார். இரண்டாவது கோலடித்த ஃபெலைனியும் அதே நிமிடத்தில் அவரோடு வந்தவர். 1999-இல் ஐரோப்பிய கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இன்ஜுரி டைமில் இரண்டு கோல் அடித்த ஷெரிங்ஹாம், சோல்ஷயர் இருவருமே மாற்று வீரர்கள். 2014 உலகக் கோப்பை இறுதியில் 113-ஆவது நிமிடத்தில் ஜெர்மனிக்காக அடித்த கோட்சேவும் அப்படித்தான். அவருக்குப் பந்தைக் கொடுத்த ஷூர்லேவும் அப்படித்தான். மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது புதிய காலோடு ஓடுபவருக்கு அந்தக் கடைசி ஐந்து நிமிடம் தனி ஆட்டம்.

கால்பந்தில் கடிகாரம் நிற்பதில்லை என்பதும் ஒரு காரணம். காயம், ஆள் மாற்றம், கோல் கொண்டாட்டம் என்று வீணான நேரத்தையெல்லாம் நடுவர் கணக்கெடுத்துக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கிறார். பலகையில் காட்டுவது குறைந்தபட்சக் கணக்கு, அதற்கு மேலும் போகலாம். கிரிக்கெட்டில் கடைசிப் பந்து எது என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே கடைசி நொடி எது என்று நடுவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த நடுவரும் மனிதர்தானே. ஸ்பானிஷ் லீக் நடுவர்களை வைத்து மூன்று பொருளாதார அறிஞர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சொந்த ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர் நேரத்தைக் கூட்டிக் கொடுப்பதும், முன்னால் இருந்தால் குறைத்துக் கொடுப்பதும் தெரியவந்தது. கூட்டத்தின் சத்தம் கடிகாரத்தையே கொஞ்சம் வளைக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் வீணான நேரத்தை ஒழுங்காக எண்ணச் சொன்னதும், இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் கூடுதலாக வந்தது.

மழை தவறிய வருஷம்

கோல் எப்படி வருகிறது என்பது இருக்கட்டும். அது விழுகிற மனம் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் மழை பெய்தால் ஊருணி நிறைகிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். ஐப்பசி பொய்த்து, கார்த்திகையும் கடைசிக்கு வந்து, இந்த வருஷம் இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்ட பிறகு ஒரு ராத்திரி கொட்டினால் என்ன செய்வோம்? வாசலுக்கு ஓடிவந்து திண்ணையிலிருந்து கையை நீட்டிப் பார்ப்போம். இரண்டும் அதே மழைதான். இரண்டாவது மழை மட்டும் நாம் கைகழுவிவிட்ட இடத்தில் பெய்கிறது.

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் 1990-களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைத் துலக்கிக் காட்டின. குரங்குக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துடித்தெழுந்தன. எதிர்பார்த்தபடி கிடைத்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. எதிர்பார்த்தது கிடைக்காமல் போனால் வழக்கமான துடிப்பும் கீழே இறங்கியது. கிடைத்த பொருளின் அளவை விட, அதற்கும் எதிர்பார்ப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியைத்தான் மூளை கணக்கெடுக்கிறது. பட்டாலையில் அன்று இருந்த இரண்டு கூட்டத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரே கோல் மூன்று பேரை மேலே தூக்கியது, எட்டுப் பேரைத் தரைக்கும் கீழே இறக்கியது.

இன்னொன்றும் இருக்கிறது. இருபதாவது நிமிடத்து கோலுக்கு எழுபது நிமிட பதில் உண்டு. சந்தோஷப்படும்போதே "இன்னும் நேரம் கிடக்கே" என்று ஒரு கவலை கூடவே வரும். 94-ஆவது நிமிடத்து கோலுக்குப் பதிலே கிடையாது. கோலும் தீர்ப்பும் ஒரே நொடியில் கையில் கிடைக்கின்றன. வேறெந்த கோலுக்கும் நாம் முழுசாகச் சந்தோஷப்படுவதில்லை என்றே சொல்வேன்.

மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களைப் பாருங்கள். 2012 மே 13. சிட்டி இங்கிலாந்து லீக்கின் முதல்தரப் பட்டத்தைத் தொட்டு 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசி ஆட்டத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை ஜெயித்தால் போதும், கோப்பை அவர்களுக்கு. தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது 2-1 என்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். எதிர் அணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கிப் போய் பத்துப் பேர்தான் மிச்சம், அப்படியும் தோல்வி. கோப்பைக்குப் போட்டியில் இருந்த யுனைடெட் சண்டர்லாந்தில் ஜெயித்துவிட்டு மைதானத்திலேயே காத்து நின்றது. சிட்டி ரசிகர்களில் பலர் அழுதுகொண்டிருந்தார்கள், சிலர் எழுந்து வெளியே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கார்னரிலிருந்து ஜெகோ தலையால் முட்டி 2-2 ஆக்கினார். பிறகு பலோட்டெல்லி கீழே விழுந்தபடியே தள்ளிக் கொடுத்த பந்தை அகுவேரோ உள்ளே அடித்தார். கடிகாரத்தில் 93 நிமிடம் 20 விநாடி. சிட்டிக்காரர்களிடம் அந்த எண்ணைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. நம்மூரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிகூட ஆகவில்லை, அதனால் இங்கேயும் அதை டி.வி. நேரலையில் பார்த்தவர்கள் நிறைய.

அந்த ரசிகர்கள் தோல்விக்கான துக்கத்தை முழுசாக அனுபவித்து முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போய் யுனைடெட்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தாகிவிட்டது. அடைத்து முடித்த கடன் பணம் அப்படியே திரும்பக் கைக்கு வந்தால் எப்படி இருக்கும்? அந்த அலறலில் பாதி, அதற்கு முந்தைய பத்து நிமிடம் அடக்கி வைத்த அழுகை. ஜெயித்தவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

உடம்பு, சத்தம், "நாம"

மனசுக்கு இவ்வளவு நடக்கும்போது உடம்பு சும்மா இருக்காது. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் நெஞ்சுவலி அவசரங்களைக் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அவை வழக்கத்தைப் போல 2.66 மடங்கு வந்தன. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். 2008-இல் வெளியான அந்த ஆய்வைப் படித்ததிலிருந்து, நெஞ்சுக்கு மருந்து சாப்பிடும் பெரியவர் உள்ள வீட்டில் நள்ளிரவு ஆட்டம் பார்த்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்க்கிறோம். அப்பத்தா நடுங்கி நின்ற முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

2017 மார்ச் 8 அன்று, இரண்டு ஆட்டத்து கோல்களையும் கூட்டிப் பார்க்கும் ஒரு சாம்பியன்ஸ் லீக் சுற்றில் பார்சிலோனா, பாரிஸ் அணியிடம் முதல் ஆட்டத்தில் 4-0 என்று தோற்றதைச் சரிக்கட்ட இறங்கி, 95-ஆவது நிமிடத்தில் செர்ஜி ராபர்ட்டோ அடித்த ஆறாவது கோலால் கரையேறியது. மைதானத்திலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி, புவியியல் ஆய்வு நிலையம் ஒன்றில் நிலநடுக்கத்தை அளக்கும் கருவி இருக்கிறது. ரசிகர்கள் குதித்த அதிர்வு அதில் பதிவானது.

இது தனியாக உட்கார்ந்து பார்த்தால் வருகிற சத்தம் இல்லை. பிள்ளையார்பட்டியில் தேர் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், தேர் நிலைக்கு வந்து நிற்கிற அந்த நொடியில் பக்கத்தில் இழுத்தவன் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை, தோளில் கை போட்டுவிடுவோம். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் மாடு கூட்டத்துக்குள் பாய்ந்து யாருக்கும் அடிபடாமல் தாண்டிப் போனால் ஆயிரம் பேர் ஒரே மூச்சு விடுவது கேட்கும். எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1912-இல் இதைப் பற்றி எழுதினார். சடங்குக்காகக் கூடுகிற கூட்டத்தில் ஒருவர் உணர்ச்சி அடுத்தவருக்குத் தாவி, திரும்பவும் பெருகி வந்து, ஒவ்வொருவரையும் அவரை விடப் பெரிதாக ஆக்குகிறது என்றார். பட்டாலையில் இருந்த பதினோரு பேரும் கூட்டம்தான்.

பேச்சிலும் அது தெரியும். 1976-இல் ராபர்ட் சியால்டினியும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். தங்கள் அணி ஜெயித்தால் மாணவர்கள் "நாம் ஜெயித்தோம்" என்றார்கள், தோற்றால் "அவர்கள் தோற்றார்கள்" என்றார்கள். ஜெயித்த வாரத்தின் திங்கட்கிழமை பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டைகளும் அதிகம் தென்பட்டன. அது பந்தைக் கையில் பிடித்து ஓடும் அவர்கள் ஊர்க் கால்பந்து, நம் கால்பந்து அல்ல. ஆனாலும் அழகப்பா பல்கலைக்கழகப் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் "நாம அடிச்சோம்டா", "அவனுங்க சொதப்பிட்டானுங்க" என்று அதே இலக்கணத்தைக் கேட்கலாம்.

என் வாழ்க்கையில் "நாம" என்று முழு மனதோடு சொன்ன கோல் ஒன்றுதான். 2015 டிசம்பர் 20, ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் இறுதி ஆட்டம். கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் கோவாவை எதிர்த்து நம் சென்னையின் எஃப்.சி. அந்த மாதம் சென்னை எப்படிக் கிடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளத்தால் அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தையே புனேவில் ஆட வேண்டி வந்தது. வேளச்சேரியில் அறையெடுத்திருந்த என் நண்பன் சான்றிதழ்களையும் மெத்தையையும் தண்ணீரில் விட்டுவிட்டு, ஒரே ஒரு பையோடு காரைக்குடி வந்து இறங்கியிருந்தான். அவனோடு உட்கார்ந்துதான் பார்த்தோம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. அவன் ஒன்றும் பேசவில்லை, டி.வி.யை அணைத்துவிடலாமா என்று மட்டும் கேட்டான். 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து சொந்த கோலுக்குள்ளேயே போனது, 2-2. இரண்டு நிமிடம் கழித்து கொலம்பியக்காரர் மெண்டோசா அடித்தார். 3-2, கோப்பை சென்னைக்கு. அவன் எழுந்து முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்து நின்றான். தோள் குலுங்கியது. அந்த மாதம் முழுவதும் அவன் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

அன்று அழுதது கோலுக்காக என்று யார் சொல்வார்கள்?

எதிர்ப்பக்கம்

ஒவ்வொரு கடைசி நிமிட கோலுக்கும் இன்னொரு பாதி உண்டு. அந்த 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் யுனைடெட்டை எதிர்த்த ஜெர்மன் அணி பாயர்ன் மியூனிக் ஆறாவது நிமிடத்திலேயே கோல் அடித்துத் தொண்ணூறு நிமிடம் வரைக்கும் காப்பாற்றியது. கோப்பையைக் கொடுக்க வேண்டிய ஐரோப்பியக் கால்பந்து சங்கத் தலைவர் லென்னார்ட் யோஹான்சன், ஆட்டம் முடிகிறதென்று மாடியிலிருந்து இறங்கி வந்தார். கீழே வந்து பார்த்தால் ஜெயித்தவர்கள் அழுகிறார்கள், தோற்றவர்கள் ஆடுகிறார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இடைவெளியில் இரண்டு கோல் விழுந்திருந்தன. பாயர்ன் தடுப்பாட்டக்காரர் சாமுவேல் குஃபோர் தரையைக் கையால் குத்திக் குத்தி அழுத காட்சியை, யுனைடெட் ரசிகனான நானே ஒருமுறைக்கு மேல் பார்க்க விரும்பியதில்லை.

ரோஸ்தோவில் தோற்ற ஜப்பானிய ரசிகர்கள் அழுதுகொண்டே பைகளை எடுத்து, தாங்கள் உட்கார்ந்த இடத்துக் குப்பையைப் பொறுக்கினார்கள். வீரர்கள் உடைமாற்றும் அறையைத் துடைத்து வைத்துவிட்டு, ரஷ்ய மொழியில் நன்றி என்று எழுதி வைத்துப் போனார்கள்.

இப்போது இந்த உணர்ச்சிக்கு இரண்டு இடையூறு வந்திருக்கிறது. ஒன்று வி.ஏ.ஆர்., அதாவது நடுவர் தீர்ப்பை வீடியோவில் சரிபார்க்கும் முறை. 2019 ஏப்ரலில் டாட்டன்ஹாமுக்கு எதிராக 93-ஆவது நிமிடத்தில் சிட்டியின் ஸ்டெர்லிங் அடித்தார், மைதானமே எழுந்தது, பிறகு திரையில் பார்த்து ஆஃப்சைட் (எதிரணித் தடுப்பைத் தாண்டி முன்கூட்டியே நின்றது) என்று திருப்பிவிட்டார்கள். தீர்ப்பு சரிதான். ஆனால் அதிலிருந்து கோல் விழுந்ததும் ஒரு கண் நடுவர் மேலே போகிறது, முழு மூச்சோடு கத்த முடிவதில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். இன்னொன்று, போனில் பார்ப்பது. கேபிளில் ஓடுவதற்கும் போனில் வருவதற்கும் சில நேரம் அரை நிமிடம்கூட வித்தியாசம் இருக்கிறது. நம் போனில் கார்னரே இன்னும் அடிக்கவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டில் கூச்சல் வந்துவிடும். முக்கியமான ஆட்டம் என்றால் போனை அணைத்துவிட்டு, கேபிள் உள்ள வீட்டுக்கு எல்லோரும் போய்விடுங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோலாலம்பூரில் ஒரு கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரியப்பா ஒருவர் எங்களுக்கு உண்டு. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா மைதானத்தில் மலேசியா தென்கொரியாவை எதிர்த்து ஆடிய ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தைப் பற்றி அவர் சொல்லாத தீபாவளி கிடையாது. மலேசியாவின் கோல்கீப்பர் நம் தமிழர் ஆறுமுகம், நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கியவர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜேம்ஸ் வோங் அடித்து 2-1 ஆக்கினார். மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு டிக்கெட் கிடைத்தது. ஆனால் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்ஸுக்கே போகவில்லை.

"அப்போ அந்த கோலால என்ன பிரயோசனம் பெரியப்பா?" என்று சின்ன வயதில் கேட்டேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் ஒருவர் தன்னை இடுப்போடு தூக்கிச் சுற்றியதையும், செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டதையும், ஒற்றைச் செருப்போடு கடைக்கு நடந்து வந்ததையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.